எதிர்பாராத அடியைப் பாட்டில் எழுதுவது: புலம்பலாகவும் அறிவுரையாகவும் ஆகிவிடாமல்

கேள்வி இதுதான்: திடீரென்று வாழ்க்கை கவிழ்ந்துபோன ஒருவரின் மனநிலையைப் பாட்டாக எழுத வேண்டும், அவர் அதிலிருந்து மெல்ல மீள்வதும் பாட்டுக்குள் தெரிய வேண்டும். எழுத உட்கார்ந்தால் முதல் பாதி புலம்பலாகவும் இரண்டாம் பாதி அறிவுரையாகவும் வந்து நிற்கிறது. என்ன செய்யலாம்?

இது பாட்டு எழுதத் தொடங்கும் பெரும்பாலானோருக்கு வரும் சிக்கல். இப்படிப்பட்ட பாட்டின் முதல் வரைவு அநேகமாக இந்த நான்கு வரிகளைப் போல இருக்கும்:

கண்ணீரில் நனைந்ததே என் இதயமே
கனவெல்லாம் சிதைந்ததே விதியாலே
கலங்காதே மனமே காலம் மாறும்
வலியெல்லாம் ஒருநாள் வழியாய் மாறும்

சந்தம் உட்காருகிறது, மோனை இருக்கிறது, பாடவும் வரும். ஆனால் இங்கே என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வேலை போனவர், தேர்வில் தோற்றவர், நெருங்கியவரை இழந்தவர் என யார் வாயில் வைத்தாலும் பொருந்தும் என்பதால் யாருடைய பாட்டாகவும் அது ஆவதில்லை. கண்ணீர், இதயம், கனவு, விதி, வலி என்று ஐந்து சொற்களில் கையில் பிடிக்கும்படி ஒரு பொருளும் இல்லை. அடி விழுந்தது பாட்டுக்கு வெளியே எங்கோ. கேட்பவர் அதைப் பார்க்கும் முன்பே மூன்றாவது வரியில் ஆறுதல் சொல்ல ஆள் வந்துவிடுகிறார். உண்மையான துயரத்தில் இருப்பவருக்கு மிகவும் எரிச்சல் தருவது இந்த அவசர ஆறுதல்தான், பாட்டிலும் அப்படித்தான்.

முதலில் எந்த வகை அடி என்று முடிவு செய்யுங்கள். தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைச் சொல்லும் பகுதியான மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் இடங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கைச் சொல்கிறது. இளிவு என்றால் பிறர் முன் சிறுத்துப்போவது. இழவு, உயிரையோ உறவையோ பொருளையோ இழப்பது. அசைவு, முன்பு இருந்த நிலை கெட்டு வேறு நிலைக்குத் தள்ளப்பட்டு வருந்துவது. வறுமையை விளக்க வேண்டியதில்லை. இலக்கணத்துக்காக இதை எடுத்து வைக்கவில்லை, நேரடிப் பயன் உண்டு. நான்குக்கும் பாட்டுப் பேச்சு வெவ்வேறு. இழவுப் பாட்டு தானாகவே 'நீ' என்று விளிக்கும், ஏனென்றால் போனவரோடு பேச்சு இன்னும் முடியவில்லை. இளிவுப் பாட்டில் பிறர் கண்கள் வரும், மறைப்பது வரும், சிரித்துச் சமாளிப்பது வரும். வறுமைப் பாட்டு எண்ணிக்கையில் பேசும், எது எத்தனை மிச்சம் என்று. எதிர்பாராத பின்னடைவு பெரும்பாலும் அசைவில் சேரும், கூடவே கொஞ்சம் இளிவும் ஒட்டிக்கொண்டிருக்கும். தடுமாறிய வரைவுகள் பலவற்றில் இந்த நான்கும் ஒரே பல்லவிக்குள் திணிக்கப்பட்டிருக்கும். ஒன்றை முதன்மையாக வையுங்கள், வேண்டுமானால் இன்னொன்றை ஒரு சரணத்துக்கு மட்டும் தொடுங்கள்.

அசைவை எழுதும் வழி நம் மொழியில் மிகப் பழையது. புறநானூற்றின் 112ஆம் பாட்டு, பாரியின் மகளிர் பாடியது, ஐந்தே வரி. அந்த மாதத்து நிலாவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து நிலாவில் குன்றும் போயிற்று, தந்தையும் இல்லை. அவ்வளவுதான் செய்தி. துயரம் என்ற சொல்லோ கண்ணீர் என்ற சொல்லோ அதில் கிடையாது. மாறாத ஒரு பொருளை நடுவில் நிறுத்தி அதன் இரண்டு பக்கமும் அன்றையும் இன்றையும் வைத்தால் இழப்பின் அளவு தானே தெரிந்துவிடுகிறது. எழுதும் பாட்டுக்கும் அப்படி மாறாமல் நிற்கும் ஒரு பொருளைத் தேடுங்கள். அடி விழுவதற்கு முந்தைய திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்து, விழுந்த பின்னும் வீட்டில் கிடக்கும் பொருளாக அது இருக்க வேண்டும். எதிர்பாராதது என்றாலே எதிர்பார்ப்பு ஒன்று முன்னால் இருந்தது என்று பொருள். அந்த எதிர்பார்ப்பைக் காட்டாமல் அடியை மட்டும் எழுதினால் கேட்பவருக்கு வலிக்காது.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். வெளியூர் வேலைக்குப் போகத் தயாராகி நின்றவருக்குக் கிளம்பும் முன் அந்த வேலை இல்லை என்று செய்தி வருகிறது. பொருள்: கட்டிவைத்த பெட்டி. பல்லவி இப்படி வைக்கலாம்:

கட்டிவச்ச பெட்டி ஒண்ணு வாசலோரமா
தொட்டெடுக்க மனசு வரல நேரமாகுமா

பேச்சு வழக்கில் எழுதியதற்குக் காரணம் உண்டு. அதிர்ச்சியில் இருப்பவர் செந்தமிழில் யோசிப்பதில்லை, சொற்கள் சுருங்கி வரும். இலக்கிய நடையில் எழுதுவதிலும் தவறில்லை, நல்ல சோகப் பாட்டுகள் இரண்டு நடையிலும் உண்டு. ஆனால் ஒரே பாட்டில் 'போகிறேன்' என்றும் 'போறேன்' என்றும் கலந்தால் பாடுபவர் யாரென்றே தெரியாமல் போகும். மெட்டில் ஓர் அசை குறைகிறதே என்று நடையை மாற்றும்போதுதான் இந்தக் கலப்படம் நுழைகிறது. அங்கே சொல்லை மாற்றுங்கள், நடையை மாற்றாதீர்கள்.

இனி சந்தம். இது ஆதி தாளம், திஸ்ர நடை. எட்டு அடி (இங்கே அடி என்பது தாளத்தின் ஒரு தட்டு), அடிக்கு மூன்று மாத்திரை, அதாவது மூன்று கால அளவு. குறில் 1, நெடில் 2, குறிலோடு ஒற்றுச் சேர்ந்தால் 2 என்று எண்ணிப் பாருங்கள்: கட்டி, வச்ச, பெட்டி, ஒண்ணு, வாச, லோர, மா. ஏழு அடிக்குச் சொல், எட்டாவது அடி காலி. இரண்டாம் வரி: தொட்டெ, டுக்க, மனசு, வரல, நேர, மாகு, மா. இங்கேயும் ஏழு. தத்தகாரம் போட்டால், அதாவது சொல்லுக்குப் பதில் 'தன்ன', 'தான' என்று ஒலி அளவை மட்டும் பாடினால், 'தன்ன தன்ன தன்ன தன்ன தான தான னா', அடுத்தது 'தன்ன தன்ன தனன தனன தான தான னா'. நிமிடத்துக்கு 72 அடி என்ற வேகத்தில் ஒரு வரி ஏறத்தாழ 6.7 நொடி ஓடும், கடைசியில் காலியாக இருக்கும் அடியில் முக்கால் நொடிக்குச் சற்று மேல் மூச்சுக்குக் கிடைக்கும். சோகப் பாட்டில் இந்தக் காலி அடியை நிரப்பிவிட வேண்டாம். 'அய்யோ', 'அம்மம்மா', 'ஓஓஓ' என்று எதையாவது அங்கே அடைத்தால் பாடுபவருக்கு மூச்சு திணறும், கேட்பவருக்கு வரி உள்ளே இறங்க இடம் இருக்காது.

வரி முடிவில் 'மா' என்ற நெடில் வைத்ததும் தற்செயலாக அல்ல. தமிழில் வரி முடிவில் அடிக்கடி விழும் பிழை குற்றியலுகரம். 'வந்தது', 'காற்று', 'போச்சு', 'வீடு' என்று முடியும் சொற்களில் கடைசி உகரம் அரை மாத்திரைதான். மெட்டு அங்கே நான்கு அடி நீண்டால் பாடகர் 'வந்ததூ', 'வீடூ' என்று இழுத்தே ஆக வேண்டும். எவ்வளவு நல்ல வரியும் அங்கே பல்லிளித்துவிடும். நீளும் இடத்தில் ஆ, ஏ, ஓ போன்ற நெடில் வரட்டும், அல்லது 'நேரம்', 'ஓரம்' போல முதலெழுத்து நெடிலாகவும் முடிவு ம், ன் போன்ற மெல்லின ஒற்றாகவும் இருக்கும் சொல் வரட்டும். அதில் ஒற்றையே முணுமுணுப்பாக நீட்டலாம். உச்ச ஸ்தாயியில் ஆ-வுக்கு முதல் இடம் கொடுங்கள். ஈ, ஊ இரண்டும் வாயில் உருவாகும்போது அவற்றின் முதல் அதிர்வு முகடு (வாயின் வடிவம் வலுப்படுத்தும் ஒலி அளவு) 300 ஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கும், ஆ-வுக்கு அது 700க்கு மேல். பாடும் சுரம் அந்த 300ஐத் தாண்டி ஏறும்போது பாடகர் வாயைத் திறந்தாக வேண்டும், திறந்தால் ஈயும் ஊவும் உருமாறிவிடும். 'நீ' என்ற சொல்லை மேல் சுரத்தில் நிறுத்திவிட்டு, 'சொல் புரியவில்லை' என்று பாடகரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சொல் உடையும் இடத்தையும் பாருங்கள். மெட்டில் நடுவே ஒரு நிறுத்தம் வந்து 'கலங்காதே' என்பது 'கலங்... காதே' என்று உடைந்தால் கேட்பவர் காதில் விழுவது 'காதே' மட்டும்தான். 'போகாதே', 'மறவாதே', 'வாடாதே' எல்லாமே எதிர்மறை உருபு கடைசியில் வரும் சொற்கள். முன்பாதியோடு மூச்சு நின்றுவிட்டால் பொருள் தலைகீழாகக் கூடும். அளவுக்காக மட்டும் போடும் பொருளற்ற டம்மி வரிகளை வைத்து மெட்டு முதலில் வந்துவிட்டதென்றால், அதில் மூச்சு வாங்கும் இடங்களைக் கோடு போட்டுக் குறித்துக்கொண்டு, எந்தச் சொல்லும் அந்தக் கோட்டைத் தாண்டாமல் எழுதுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பல்லவி திரும்பத் திரும்ப வரும். நொந்துபோன மனமும் அதையேதான் செய்கிறது: ஒரே நினைப்பைச் சுற்றிச் சுற்றி வருகிறது. உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா இந்தச் சுழலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 'எனக்கு ஏன் இப்படி ஆச்சு' என்று ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு மனச்சோர்வு நீடிக்கிறது என்பது அவர் கண்டது. ஆக, பாட்டின் வடிவமே மனவேதனையின் வடிவத்தை ஒத்திருக்கிறது. இதில் ஆபத்தும் இருக்கிறது, பெரிய வசதியும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பல்லவி அதே பொருளோடு வந்தால் பாட்டு சுழலில் மாட்டிக்கொண்டது. அதே சொற்கள் ஒவ்வொரு முறையும் வேறு பொருளோடு வந்தால், ஓர் அறிவுரைகூடச் சொல்லாமல் அந்த மனிதர் நகர்ந்துவிட்டார் என்று கேட்பவருக்குத் தெரியும். மீள்வதை எழுத வேண்டிய இடம் இதுதான். அதற்கென்று தனியாக ஒரு சரணம் ஒதுக்க வேண்டியதில்லை.

அந்தப் பொருள் மாற்றத்தைச் சரணங்கள் செய்ய வேண்டும். நம் எடுத்துக்காட்டில் பல்லவியின் கடைசிச் சொல் 'நேரமாகுமா'. அது கேள்வி என்பதால் யார் யாரைக் கேட்கிறார் என்பதை மாற்ற முடியும். முதல் சரணம்:

தேதி சொல்லி வாழ்த்து வாங்கி வந்த ராத்திரி
சேதி வந்து சேந்து போச்சு ஒத்த வரியில
படிச்சேன்...
திரும்பப் படிச்சேன்...
எழுத்து மாறல

இதற்குப் பின் பல்லவி வரும்போது 'நேரமாகுமா' என்பது இன்னும் நம்பாதவரின் கேள்வி. பயணம் தள்ளித்தான் போயிருக்கிறது, கொஞ்சம் நேரமாகும் போல என்று தன்னையே ஏமாற்றிக்கொள்வது. சரணத்தின் முதல் இரண்டு வரிகளில் தேதி, சேதி என்று எதுகை இருக்கிறது, அடுத்த மூன்றில் இல்லை. அடி விழும் இடத்தில் எதுகையையும் இயைபையும் (வரி முடிவுகள் ஒலியில் ஒத்து வருவது) கழற்றிவிடுங்கள். இயைபு காதுக்கு இனிமை தருவது, 'எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது' என்ற உணர்வைத் தருவது. உலகம் பொருந்தாமல் போன நொடியில் அந்த இனிமை பொய்யாக ஒலிக்கும். சந்தமும் அங்கே உடையலாம். 'படிச்சேன்' என்ற ஒரு சொல்லுக்குப் பின் வாத்தியம் மட்டும் நான்கு அடி போகட்டும். 'எழுத்து மாறல' முடிந்ததும் ஓர் ஆவர்த்தனம் (எட்டு அடி கொண்ட ஒரு தாளச் சுற்று) முழுவதையும் காலியாக விட இசையமைப்பாளரிடம் கேளுங்கள். அந்த ஏறத்தாழ 7 நொடி பாட்டின் மிகக் கனமான இடமாகிவிடும்.

அடி விழும் வரி கீழ் ஸ்தாயியில் இருப்பது நல்லது. உச்சத்தில் கத்திச் சொன்னால் மெய்யெழுத்துகள் தேய்ந்து செய்தியே புரியாமல் போகும். அதிர்ச்சியில் குரல் எழும்புவதைவிட அடங்குவதே அதிகம். அந்த நேரத்தில் மனிதர்கள் செய்வதையும் கவனியுங்கள்: அதே செய்தியைத் திரும்பப் படிப்பார்கள், சம்பந்தமில்லாத ஒரு சின்ன வேலையைச் செய்துகொண்டே இருப்பார்கள், சுவரில் ஏதோ ஒன்றை உற்றுப் பார்ப்பார்கள், யாருக்கு முதலில் சொல்வது என்று கணக்குப் போடுவார்கள். அழுகை பெரும்பாலும் பிறகுதான் வரும், எதிர்பாராத ஒரு சின்னக் காரணத்துக்காக வரும். செய்தி வந்த நொடியிலேயே கண்ணீர் ஆறாக ஓடும் பாட்டு கேட்பவரை வெளியே நிறுத்திவிடும்.

இரண்டாம் சரணத்தில் இளிவைத் தொடலாம்:

எதிர்ல வந்தா நானே மொதல்ல சிரிச்சு வைக்கிறேன்
எப்போ பயணம்னு கேக்கும் முன்னே பேச்ச மாத்துறேன்

இங்கே இயைபு திரும்ப வரட்டும், மோனையும் சேரட்டும், ஏனென்றால் அவர் இப்போது நடிக்கிறார். ஒழுங்கான சந்தம் அந்த நடிப்புக்கு ஒத்துப்போகும். அடுத்து வரும் பல்லவியில் 'நேரமாகுமா' என்பது 'இதிலிருந்து மீள எனக்கு இன்னும் எத்தனை காலம் ஆகும்' என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. ஒரு சொல்லும் மாறவில்லை.

மூன்றாவது:

நேத்து நனச்ச துண்டு இன்னும் கொடியில் காயல
பெட்டி தொறந்து புதுசு ஒண்ண எடுத்துக்கிட்டேன்

இதற்குப் பின் பல்லவி ஒரே ஒரு மாற்றத்தோடு வரும்: 'தொட்டெடுக்க மனசு வருது நேரமாகுமா'. 'வரல' மூன்று குறில், 'வருது' மூன்று குறில், மெட்டைத் தொடவே வேண்டாம். கடைசி 'நேரமாகுமா' மட்டும் வேறொரு குரலில் வரட்டும். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று வீட்டிலிருக்கும் யாரோ கேட்கிறார். பாட்டில் முதல்முறையாக இன்னொரு மனிதர் இருக்கிறார், அன்றாடம் திரும்பிவிட்டது. 'நான் மீண்டுவிட்டேன்' என்று யாரும் சொல்லவில்லை. மீள்வது பெரும்பாலும் இப்படித்தான், ஒரு தேவைக்காக. துண்டு ஈரமாக இருந்தது, பெட்டி திறந்தது, அவ்வளவே. சூரியன் உதிப்பதும் சிறகு முளைப்பதும் மூன்றாம் சரணத்தில் வந்தால் முதல் இரண்டு சரணத்தில் சேர்த்த நம்பகத்தன்மை எல்லாம் கரைந்துவிடும்.

கட்டமைப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய நூலால் பரவிய, மனம் கடந்துபோகும் ஐந்து நிலைகளை (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) சரணத்துக்கு ஒன்றாக அடுக்கி எழுதும் பழக்கம் உண்டு. அவர் பேசியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம். அந்த நிலைகள் எல்லோருக்கும் அதே வரிசையில் வரும் என்பதற்கு ஆதாரமில்லை. பாட்டைப் பொறுத்தவரை அது இன்னும் மோசம்: கேட்பவர் அடுத்த சரணத்தில் என்ன வரும் என்று முன்னாலேயே ஊகித்துவிடுவார். உண்மையில் ஏற்பு வந்த மறுநாளே கோபம் திரும்பும். இரண்டாம் சரணத்துக்குப் பின் ஒரு பின்வாங்கலை வைத்தால் பாட்டு உயிரோடு இருக்கும்.

'மனமே' என்று விளிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் பாட்டில் இது ஆழமாக வேரோடியது. அதைத் தூக்கி எறிய வேண்டாம். உளவியலாளர் ஈதன் கிராஸும் அவரது குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, கலக்கமான நேரத்தில் ஒருவர் தன்னை 'நான்' என்று நினைக்காமல் தன் பெயரைச் சொல்லியோ 'நீ' என்றோ அழைத்துப் பேசிக்கொண்டால் பதற்றம் குறைகிறது என்று காட்டியது. மனதை எதிரே உட்காரவைத்துப் பேசும் நம் வழக்கம் அந்த வேலையைத்தான் செய்கிறது. கெடுவது எங்கே என்றால், 'மனமே' என்றதும் ஏவல் வினை வந்துவிடும் இடத்தில்: கலங்காதே, துணிந்திடு, எழுந்திடு. அதற்குப் பதிலாகக் கேள்வி கேளுங்கள். 'மனமே, இன்னும் எத்தன தரம் அத படிப்ப?' என்பதில் கண்டிப்பும் இருக்கிறது, அன்பும் இருக்கிறது, உபதேசம் இல்லை. பாட்டின் நடுவில் 'நான்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்குத் தாவினால் அது ஒரே இடத்தில், காரணத்தோடு நடக்கட்டும். சொன்ன அடுத்த வரியிலேயே திரும்பத் தாவினால் யார் யாரோடு பேசுகிறார் என்று குழம்பும்.

எதுகைக்காகக் கைக்கு வரும் சொல் இணைகளில் சிலவற்றை எழுதும் முன்பே ஒதுக்கிவிடலாம்: கண்ணீர்–தண்ணீர், சோகம்–மேகம்–தாகம், காலம்–கோலம், வலி–வழி. முதல் சொல்லைக் கேட்டதுமே அடுத்தது தெரிந்துவிடும் இணைகள் இவை. மோனை இந்த வகைப் பாட்டுக்கு அதிகம் உதவும், அது வரியைக் கட்டிவைக்கும், ஆனால் கவனத்தை இழுக்காது. 'சிதைந்ததே', 'உடைந்ததே' என்று ஏகாரம் போட்டு அசை நிரப்புவதையும் குறையுங்கள். ஒரு பாட்டில் இரண்டு ஏகாரம் உருக்கும், பத்து ஏகாரம் சலிப்பு.

ராகம் தெரிந்த பின் எழுதுகிறீர்களானால் அதற்கேற்பச் சொல்லின் ஈரத்தைக் கூட்டிக் குறையுங்கள். முகாரியோ சிவரஞ்சனியோ என்றால் மெட்டே அழுதுவிடும். சொல் வறண்டு, தகவல் போல இருக்க வேண்டும். மெட்டு துள்ளலாக இருந்தால் சொல் கொஞ்சம் கூடுதலாக உணர்ச்சியைச் சுமக்கலாம், அந்த முரண் நன்றாக வேலை செய்யும். இரண்டும் சேர்ந்து அழுதால் கேட்பவர் அழமாட்டார். நீளத்துக்கு ஒரு தோராயம்: நான்கு நிமிடப் பாட்டுக்குத் திரும்ப வருவதை விட்டுவிட்டால் 60 முதல் 100 சொற்கள் போதும். 150ஐத் தாண்டினால் ஏதோ ஒரு சரணம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எழுதுவது சொந்த அனுபவம் என்றால் நேராகப் பாட்டில் இறங்காதீர்கள். முதலில் உரைநடையாக எழுதித் தள்ளுங்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களைப் பாதித்த நிகழ்வை எழுதினார்கள். எழுதிய உடனே மனம் மேலும் கனத்தது, ஆனால் நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவமனைக்குப் போவது குறைந்தது. பாட்டு எழுதுபவருக்கு இதில் இரண்டு பயன். மெட்டும் எதுகையும் இல்லாததால் உண்மையான விவரங்கள் வெளியே வரும்; அந்த ஈரத் துண்டு போன்ற பொருள்கள் அங்கேதான் கிடைக்கும். இரண்டாவது, முதல் நாள் எழுத்தையும் நான்காம் நாள் எழுத்தையும் ஒப்பிட்டால் 'அதனால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் எங்கே நுழைகின்றன என்று தெரியும். பாட்டின் திருப்பம் அநேகமாக அந்த இடமாகத்தான் இருக்கும். எழுதி முடித்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் கனத்தே இருக்கிறது, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, பிடித்தது எதிலும் நாட்டமில்லை என்றால் பாட்டை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். பாட்டு காத்திருக்கும், அது எங்கும் போகாது.

பாத்திரம் உயிரை விடும் எண்ணம் வரை போகிறதென்றால் கூடுதல் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் திரைத்துறையினருக்காக வெளியிட்ட வழிகாட்டியின் அடிப்படை பாட்டுக்கும் பொருந்தும்: எப்படி, எங்கே என்ற விவரம் வேண்டாம்; சாவை விடுதலையாகவோ பழிவாங்கலாகவோ அழகுபடுத்த வேண்டாம்; வேறொரு மனிதரின் குரலோ கையோ பாட்டுக்குள் வர இடம் வையுங்கள். பாட்டு ஒருவர் தனியாக, நள்ளிரவில், காதில் மாட்டிக்கொண்டு பத்து முறை கேட்கும் பொருள். அந்த ஒருவரை நினைத்து எழுதுங்கள்.

முடித்த பின் சோதிக்க ஒரே வழி, வாத்தியம் எதுவுமின்றி வாய்ப்பாட்டாக, கதை தெரியாத ஒருவரிடம் பாடிக் காட்டுவது. 'நல்லா இருக்கா' என்று கேட்காதீர்கள். 'அவருக்கு என்ன ஆச்சு? கடைசியில என்ன செஞ்சார்?' என்று கேளுங்கள். பெட்டியும் செய்தியும் துண்டும் பதிலில் வந்தால் பாட்டு நிற்கிறது. 'ரொம்ப சோகமா இருந்துச்சு' என்று மட்டும் சொன்னால் முதல் சரணத்துக்குத் திரும்பி, பயணத் தேதி, வாழ்த்து, அந்த ராத்திரி ஆகியவற்றை இன்னும் ஒரு வரி கூடுதலாகக் காட்டுங்கள். பெரும்பாலும் குறைவது அடிக்கு முந்தைய மகிழ்ச்சிதான். பாடகருக்குத் தரும் தாளில் காலி அடிகளைப் புள்ளியிட்டும் மூச்சு இடங்களைச் சாய்கோடிட்டும் குறித்துக் கொடுங்கள். கடைசி 'நேரமாகுமா' வேறு குரல் என்பதை எதிரிலேயே எழுதிவிடுங்கள். ஒலிப்பதிவின்போது அதை அதே பாடகரே பாடிவிட்டால் மூன்றாவது பொருள் யாருக்கும் கேட்காது.